திரையிலே வகுப்பு, திண்ணையிலே மாணவன்

மாலை ஆறு மணி. அம்பத்தூர் தொழிற்பேட்டையிலே பகல் ஷிப்ட் முடிந்து, சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் கம்பெனிப் பேருந்தும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு புறப்படும் நேரம். அத்திப்பட்டுப் பக்கம் ஒரு தேநீர்க் கடை. பெஞ்சிலே ஒரு தம்பி. சட்டையிலே எண்ணெய்க் கறை, ஒரு கையிலே பாதி குடித்த தேநீர், மறு கையிலே கைப்பேசி.

“என்ன தம்பி, சினிமாவா?” என்று கேட்டோம்.

“இல்லீங்கண்ணே, பாடம்” என்று திரையைத் திருப்பிக் காட்டினான்.

பார்த்தோம். ஒரு பேராசிரியர், கனிவான முகத்தினர், உலோகங்களின் தன்மையைப் பற்றி ஆங்கிலத்திலே பேசிக்கொண்டிருந்தார். மொத்தம் 58 நிமிடப் பாடம். தம்பி நின்ற இடம் 12ஆவது நிமிடம். “மூணு நாளா இதே இடத்திலேதாண்ணே நிக்கிறேன். இங்க வந்தா தூக்கம் வந்துடுது. அவரு நல்லாத்தான் சொல்றாரு. என் மண்டையிலேதான் ஏற மாட்டேங்குது.”

என் மண்டையிலே ஏறவில்லை! தோழர்களே, இந்தச் சொல்லை இன்றைக்கா நாம் கேட்கிறோம்? இவன் அப்பன் சொன்னான், பாட்டன் சொன்னான். அவர்களாகச் சொன்னதா அது? சொல்ல வைத்தார்கள்! “உனக்குப் படிப்பு வராது, போய் மாட்டைப் பார்” என்று சொல்லிச் சொல்லி, அவன் வாயாலேயே அதை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். அந்தப் பழியைத் துடைக்கத்தான் பள்ளி கேட்டோம், பகல் உணவு கேட்டோம், இடஒதுக்கீடு கேட்டோம். பெற்றோம். பெற்ற பிறகு, கைப்பேசித் திரை வழியாக அதே பழி மறுபடி நம் வீட்டுப் பிள்ளையின் தலையிலே வந்து உட்காருகிறது என்றால், சும்மா இருக்க முடியுமா?

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இயந்திரத்தைக் கண்டு முகம் சுளிக்கும் கூட்டமல்ல நாம். ஒலிபெருக்கி வந்தது, மேடையிலே வைத்தோம். திரைப்படம் வந்தது, கருத்தை ஏற்றினோம். இணையம் நாட்டுக்குப் புதிதாக இருந்த 2001ஆம் ஆண்டிலேயே, தமிழுக்கென்று ஓர் இணையப் பல்கலைக்கழகத்தைக் கலைஞர் அரசு தொடங்கி வைத்தது. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரிலே அது நடக்கிறது. 1959இல் தொடங்கிய சென்னை ஐ.ஐ.டி.யின் வாயிற்கதவு நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் திறந்தது என்று நாம் கேட்டதுண்டு, இன்றும் கேட்கிறோம். அதே நிறுவனம் மற்ற ஐ.ஐ.டி.க்களோடு சேர்ந்து 2003 முதல் என்.பி.டி.இ.எல். என்ற திட்டத்தின் கீழ்ப் பாடங்களைப் பதிவு செய்து எவரும் பார்க்கலாம் என்று விட்டிருக்கிறது. 2020இல் நிரல் எழுதலும் தரவு அறிவியலும் கற்பிக்கும் இணையவழிப் பட்டப் படிப்பைத் தொடங்கி, நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வு எழுதினால் உள்ளே வரலாம் என்றது. வரவேற்கிறோம். கதவு திறந்தது நல்லது. ஆனால் திறந்த கதவுக்குள்ளே நுழைந்தவன் முற்றத்திலேயே தூங்கிப் போகிறானே, அதைக் கவனிக்க ஆள் வேண்டாமா?

இது அத்திப்பட்டுத் தம்பிக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அமெரிக்காவிலே ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து நடத்திய இணைய வகுப்புகளை ஆராய்ந்து, 2019 ஜனவரியில் ‘சயின்ஸ்’ ஏட்டிலே ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 2017-18இல் சேர்ந்தவர்களில் பாடத்தை முடித்தவர்கள் நூற்றுக்கு 3 பேர்! மூன்றே பேர்! மற்ற 97 பேருக்கும் மண்டை இல்லையா? ஒரு பள்ளியிலே நூற்றுக்கு 97 பேர் பாதியிலே நின்றால் மாணவனைக் குறை சொல்வோமா, பள்ளியைப் பார்ப்போமா?

2020ஐ மறக்க முடியுமா நம்மால்? மார்ச்சிலே பள்ளிகள் மூடின. ஆவடியிலே, பட்டாபிராமிலே, திருமுல்லைவாயிலிலே, பூவிருந்தவல்லியிலே ஒற்றை அறை வீடுகளிலே குடும்பம் குடும்பமாக அடைபட்டோம். பிறகு வந்தது, “இனி வகுப்பு கைப்பேசியிலே” என்ற செய்தி. எந்தக் கைப்பேசி? வீட்டிலே இருந்தது ஒன்று. ஊரடங்கு தளர்ந்ததும் அதை எடுத்துக்கொண்டு அப்பா வேலைக்குப் போனார். அவர் திரும்புவது இரவு எட்டு மணிக்கு. வகுப்போ காலை ஒன்பது மணிக்கு. அண்ணனுக்குப் பத்தாம் வகுப்பு, தங்கைக்கு ஆறாம் வகுப்பு. யார் படிப்பது? பெரும்பாலும் அண்ணன்தான். தங்கை வாசலிலே கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

நாட்டின் நிலை டில்லிக்குத் தெரியாததல்ல. 2017-18இல் மத்திய அரசே எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, இணைய வசதி பெற்ற வீடுகள் நூற்றுக்கு 24, கணினி உள்ள வீடுகள் நூற்றுக்கு 11கூட இல்லை. அப்படியிருந்தும் அந்த ஆண்டு நாடெங்கும் பாடம் திரைக்கு ஏறியது, வேறு வழியில்லை என்று. 2020 ஜூலையில் வழிகாட்டு நெறி ஒன்று வந்தது: எட்டாம் வகுப்பு வரை நாளுக்கு இரண்டு வேளை, அதற்கு மேல் நான்கு வேளை, ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம். நேரத்தை அளந்தார்கள். ஏற்பட்டதா கல்வி என்று அளந்தவர் யார்?

தமிழ்நாட்டிலே ஒரு நல்ல காரியம் ஏற்கனவே நடந்திருந்தது. 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி கையிருப்பில் இருந்ததால், பாடத்தைப் பெட்டி வழியாக வீட்டுக்குக் கொண்டுவர முடிந்தது. மறுப்பதற்கில்லை. கல்லூரி மாணவர்களுக்கு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி தரவு இலவசமாகத் தந்தார்கள், அதுவும் சரி. ஆனால் பெட்டி பேசும், கேட்காது. தரவு தண்ணீர் மாதிரி, குழாயிலே வரும். பயிருக்குப் பாய்ந்ததா என்று வரப்பிலே நின்று பார்ப்பவன் ஒருவன் வேண்டும்.

அந்நாளில் இந்தப் புறநகர் வீடு ஒன்றிலே நாம் கண்ட காட்சியைச் சொல்கிறோம். ஒன்பதாம் வகுப்புப் பையன். பள்ளியின் பெயர் வேண்டாம், அது எந்தப் பள்ளியிலும் நடந்ததுதான். வகுப்பு தொடங்கியது. ஆசிரியர் பெயர் பெயராக அழைத்தார். “உள்ளேன் ஐயா” என்றான் பையன். ஒலியை அடைத்தான். கைப்பேசியைச் சுவரோரம் சாய்த்தான். ரேஷன் கடை வரிசையிலே நிற்கக் கிளம்பிவிட்டான்! முக்கால் மணி நேரம் ஆசிரியர் சுவருக்குப் பாடம் நடத்தினார். பாவம், அவருக்கும் தெரியும். 40 பெயர்கள் திரையிலே வரிசையாக நின்றன. ஒரு முகம் இல்லை. “புரிந்ததா?” என்று கேட்டார். பதில் இல்லை. “சரி, புரிந்தது” என்று அவரே சொல்லிக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

இந்த “புரிந்ததா?” இருக்கிறதே, இதைவிடப் பயனற்ற கேள்வி உலகிலே கிடையாது. நேரிலேயே இதற்கு உண்மை பேசுபவர் குறைவு. திரையிலே சொல்லவே வேண்டாம்.

நாம் மேடையிலே நிற்பவர்கள். குமணன்சாவடி முனையிலே பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கூட்டம் நடத்திய மூத்தவர்களிடம் தொழில் கற்றவர்கள். பேச்சாளனுக்கு எது கண்ணாடி? எதிரே இருக்கிற முகங்கள். பின்வரிசையிலே ஒருவன் பீடி பற்ற வைத்தால் வாக்கியத்தைச் சுருக்க வேண்டும். பெண்கள் பக்கம் பேச்சு எழுந்தால் கதை ஒன்று சொல்ல வேண்டும். நடுவரிசையிலே ஒரு முகம் சுருங்கினால் சொன்னதையே வேறு விதமாகச் சொல்ல வேண்டும். இப்படி நொடிக்கு நொடி கூட்டம் நம்மைத் திருத்துகிறது. அந்தக் கண்ணாடியை உடைத்துவிட்டுப் பேசு என்றால் எப்பேர்ப்பட்ட நாவலனும் திணறுவான். இணைய வகுப்பு ஆசிரியரின் நிலை அதுதான். முகம் தெரியாத இடத்திலே முகத்துக்குப் பதிலாக எதை வைப்பது? மாணவனின் விடையை வைக்க வேண்டும். அவன் எழுதிய எழுத்தை, போட்ட கணக்கை, செய்த பிழையை வைக்க வேண்டும்.

இதற்கு ஆதாரம் இருக்கிறது. இணையப் பாடங்களைப் பார்த்தவர்களின் 69 லட்சம் அமர்வுகளை ஆராய்ந்து 2014இல் ஓர் ஆய்வு வந்தது. மக்கள் ஒரே மூச்சில் பார்ப்பது சுமார் 6 நிமிடந்தான், பாடம் எவ்வளவு நீளமாக இருந்தாலும்! பெரிய அரங்கிலே நின்று பேசியதைவிட, மேசைக்கு எதிரே உட்கார்ந்து தோழமையோடு பேசியது அதிகம் பிடித்தது. 2006இல் வேறோர் ஆய்வு: ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களும், ஒருமுறை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களும் மோதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது முதல் கூட்டம் முந்தியது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது? எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். படிக்கும்போது புரிந்த மாதிரி இருப்பது வேறு, மண்டையிலே தங்குவது வேறு.

அத்திப்பட்டுத் தம்பியின் தொழிலிலிருந்தே எடுப்போம். அவன் கையாள்வது மைக்ரோமீட்டர். அதைத் திரையிலே எப்படிக் கற்பிக்கிறார்கள்? படம் ஒன்று காட்டி, பாகங்களின் பெயரை வரிசையாகச் சொல்லி, சூத்திரத்தை எழுதி, கணக்கைப் போட்டு, விடையையும் அவர்களே சொல்லி முடிக்கிறார்கள். தம்பி பார்த்துக்கொண்டிருக்கிறான். பார்ப்பவனுக்குக் கை எதற்கு?

மாற்றிச் செய்து பாருங்கள். ஆசிரியர் முதலில் பாடத்தைத் தொடங்க வேண்டாம். “உன் வேலையிடத்து மைக்ரோமீட்டரிலே உருளையை ஒரு முழுச் சுற்று சுற்று. உள்ளே எவ்வளவு நகர்கிறது?” என்று கேட்கட்டும். அரை மில்லிமீட்டர் என்பான், அவனுக்குக் கை சொல்லும். “உருளையிலே எத்தனை கோடுகள்?” 50. “அப்படியானால் ஒரு கோடு நகர்ந்தால்?” இங்கே ஆசிரியர் வாயை மூட வேண்டும்! இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு நிமிட மௌனந்தான் பாடம். தம்பி தாளிலே வகுத்துப் பார்த்து 0.01 மில்லிமீட்டர் என்று எழுதி அனுப்புவான். ஒருவன் 0.1 என்று அனுப்புவான். அவனைத் திட்டாமல், “நீ எப்படிப் போட்டாய், சொல்லு” என்று கேட்டால், புள்ளி எங்கே தவறியது என்று அவனே கண்டுபிடிப்பான். பிறகு ஒரு படம்: சட்டத்திலே 7.5, உருளையிலே 23ஆவது கோடு. அளவு என்ன? 7.73 என்று வருகிற வரை விடக்கூடாது. அடுத்த வாரம் பாடத்தின் தொடக்கத்திலே, முன்னறிவிப்பில்லாமல், மறுபடியும் இதே மாதிரி ஒன்று. பாடத்துக்குப் பிடித்த நேரம் மொத்தம் பதினைந்து நிமிடம். 58 நிமிடம் கேட்டுத் தூங்கியவன், 15 நிமிடம் விழித்திருந்து ஒரு வித்தையைக் கைப்பற்றிக்கொண்டான்.

சில ஆசிரியர்களுக்கு ஒரு பழக்கம்: “எல்லோரும் கேமராவைத் திறங்கள்!” என்று ஆணையிடுவது. வேண்டாம் ஐயா! திறந்தால் தெரிவது என்ன? கூரையிலே ஒழுகிய கறை, கயிற்றிலே காய்கிற துணி, பின்னால் படுத்திருக்கும் நோயாளிப் பாட்டி. வறுமையை வகுப்புக்குக் காட்சி வைக்கச் சொல்கிறீர்கள். அவன் முகம் உங்களுக்கு எதற்கு? விடையைக் கேளுங்கள்.

பூவிருந்தவல்லியிலே பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப்பள்ளி இருக்கிறது, அறிவீர்கள். அங்கே பயின்று கல்லூரிக்குப் போகும் ஒரு மாணவனுக்கு இணைய வகுப்பு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். “இதை இங்கே கொண்டுவந்து, அதிலிருந்து இதைக் கழித்தால், பாருங்கள், இது வருகிறது” என்கிறார் ஆசிரியர். எதை? எங்கே? எது? படத்தைச் சொல்லாலே சொல்லத் தெரிந்த ஆசிரியரின் பாடம் அந்த மாணவனுக்கு விளங்கும். அதோடு, ஓடும் மின்சார ரயிலிலே கூட்ட நெரிசலில் திரையைப் பார்க்க முடியாமல் காதிலே மட்டும் கேட்டுக்கொண்டு ஆவடிக்குப் போகிற தொழிலாளிக்கும் விளங்கும். கண் இல்லாதவனுக்காகச் செய்த திருத்தம் கண் உள்ளவனுக்கும் உதவுகிறது. இதை ஏனோ யாரும் பேசுவதில்லை.

தொலைவிலிருந்து கற்பிப்பது உலகத்துக்குப் புதிதல்ல. இங்கிலாந்திலே தொழிற்கட்சி ஆட்சியில் ஜென்னி லீ என்ற அம்மையார் அமைச்சராக இருந்தார். ஸ்காட்லாந்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகள். கல்லூரிக்குள் கால் வைக்க முடியாத உழைப்பாளிக்கும் பட்டம் கிடைக்க வேண்டும் என்று போராடி அவர் எழுப்பியதுதான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 1969இல் நிறுவப்பட்டு, 1971 ஜனவரியிலே சுமார் 24,000 பேரோடு பாடம் தொடங்கியது. பி.பி.சி. தொலைக்காட்சியிலே பேராசிரியர்கள் தோன்றினார்கள், ஆம். உலகம் அதைத்தான் வியந்தது. ஆனால் அதைத் தாங்கி நின்ற தூண் வேறு: மாணவனுக்கென்று ஒரு துணையாசிரியர்! தபாலிலே வருகிற கட்டுரையைத் திருத்தி, ஓரத்திலே எழுதி, திருப்பி அனுப்புகிறவர். உள்ளூர்ப் படிப்பு மையத்திலே சந்திக்கிறவர். ‘மூன்று வாரமாகக் கட்டுரை வரவில்லையே, உடம்புக்கு என்ன?’ என்று விசாரிக்கிறவர். பெட்டி பாடம் சொன்னது, மனிதர் பிடித்து வைத்திருந்தார்.

நம் நாட்டிலும் அஞ்சல்வழிக் கல்வி வந்தது. மதுரையில் 1971, அண்ணாமலையில் 1979, சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1981. எத்தனையோ பேர் அதிலே படித்து உயர்ந்தார்கள், வணங்குகிறோம். ஆனால் நம் வீட்டுப் பரண்களிலே நூல் அவிழ்க்காத பாடக்கட்டுகள் எத்தனை கிடக்கின்றன! அனுப்பியவருக்கு அனுப்பியதோடு கடமை முடிந்தது. இன்றைய இணைய வகுப்பு பலவும் அந்தப் பரண்கட்டின் புது அச்சு. பரணுக்குப் பதில் கைப்பேசி, தூசிக்குப் பதில் ‘பார்க்கப்படாதவை’ என்ற பட்டியல்.

ஜென்னி லீ அம்மையாரின் தூண் எது என்பதைத் தமிழ்நாடு 2021இல் செயலிலே காட்டியது. 19 மாதம் பள்ளி காணாத பிள்ளைகளுக்காக அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்திலே முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்த ‘இல்லம் தேடிக் கல்வி’யிலே என்ன செய்தார்கள்? ஆளுக்கொரு திரை கொடுத்தார்களா? இல்லை. ஆளுக்கொரு அக்காவைக் கொடுத்தார்கள்! தெருவிலேயே இருக்கிற, படித்த ஒரு பெண். மாலையிலே ஒன்றரை மணி நேரம். சுமார் 20 பிள்ளைகள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. அந்தத் தொகை போதாது என்பது நம் எண்ணம், அதைச் சொல்லத் தயங்கவில்லை. ஆனால் அந்த அக்கா செய்த வேலையை எந்தச் செயலியும் செய்யாது. வராத பிள்ளையின் வீட்டு வாசலிலே போய் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

அதே முறையைப் பெரியவர்களுக்கும் செய்தால் என்ன? தேவை அதிகமாகத்தான் இருக்கிறது. பட்டாபிராமிலே 2024 நவம்பரில் 21 மாடி டைடல் பூங்கா எழுந்து நிற்கிறது. அந்தக் கட்டடத்துக்கு இரவுக் காவல் பார்க்கவும், தரை துடைக்கவும், உணவுப் பொட்டலம் கொண்டுபோகவும் நம் பகுதியிலிருந்து ஆள் போகிறது. பதினைந்தாம் மாடியிலே நாற்காலியிலே உட்காரவும் போக வேண்டாமா? அதற்கு வேண்டிய பாடம் கைப்பேசியிலே இருக்கிறது, கட்டணமும் இல்லை. முடிக்கிறவர்கள்தான் இல்லை. தையல் கம்பெனியிலே வேலை பார்க்கும் தங்கையை நினைத்துப் பாருங்கள். ஏழு மணிக்கு வீடு, சமையல், பாத்திரம், பிள்ளை. பத்து மணிக்கு மேல் கைப்பேசி கையிலே வந்தாலும், “இந்த நேரத்திலே என்ன போனு?” என்று கேட்கிற கணவன். நம் தோழர்களிலேயே அப்படிக் கேட்கிறவர் உண்டு, எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

நமக்கு ஒரு வழி தெரியும். பழைய வழி. படிப்பகம். எழுத்தறிந்தவர் ஒருவர் ஏட்டை உரக்கப் படிக்க, எழுத்தறியாத பத்துப் பேர் சுற்றிலும் உட்கார்ந்து கேட்பார்கள். முடிதிருத்தகத்திலே கேட்டார்கள், தேநீர்க் கடையிலே கேட்டார்கள். வெறுமனே கேட்கவில்லை. “நிறுத்து, அதென்ன அது? மறுபடி படி!” என்று இடைமறித்தார்கள், சண்டை போட்டார்கள். ஏடு ஒன்று, காது பத்து, வாயும் பத்து! அப்படித்தான் பள்ளிக்கூடம் பார்க்காத பாட்டாளி உலக வரலாறு பேசினான். இன்று திரை ஒன்றை நடுவிலே வைப்போம். ஏழு பேர் சுற்றி உட்காருவோம். 6 நிமிடம் ஓடட்டும். நிறுத்துவோம். “என்ன சொன்னார்? நீ சொல்லு.” ஆங்கிலம் தடுக்கிறதா, தெரிந்தவர் தமிழிலே சொல்லட்டும். கொளத்தூரிலே 2024 நவம்பரில் ‘முதல்வர் படைப்பகம்’ திறந்தார்களே, படிக்கவும் பணி செய்யவும் இடமாக, அது போல அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் பூவிருந்தவல்லிக்கும் வேண்டும் என்று கேட்போம். வருகிற வரை நம் மன்றங்கள் என்ன செய்கின்றன? கேரம் பலகையை ஒரு மணி நேரம் நகர்த்தி வைத்தால் இடம் போதாதா?

கள்ளிக்குப்பத்திலே ஒரு மன்றத் தோழரிடம் இதைச் சொன்னோம். சிரித்தார். “ஞாயிற்றுக்கிழமை காலையிலே யாரு வருவா?” என்றார். சரி, பார்ப்போம் என்று அத்திப்பட்டுத் தம்பியையும் அவனோடு வேலை பார்க்கும் நால்வரையும் வரச் சொன்னோம். மூவர் வந்தார்கள். தம்பி வந்தான். அதே பேராசிரியர், அதே 12ஆவது நிமிடம். நிறுத்தினோம். “இரும்பைச் சூடாக்கித் தண்ணீரிலே முக்கினால் ஏன் கடினமாகிறது?” என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். பட்டறையிலே தினம் செய்கிற வேலை. காரணம் தெரியாது. வாக்குவாதம் வளர்ந்தது. ஒருவன் எழுந்து நின்றே பேசினான்! பேராசிரியர் திரையிலே வாய் திறந்தபடி காத்திருந்தார். அரை மணி கழித்து மறுபடி ஓடவிட்டார்கள். அவர் சொன்ன விடையைக் கேட்டு, “நான் சொன்னேன்ல!” என்று தம்பி பெஞ்சைத் தட்டினான்.

அன்று 31ஆவது நிமிடம் வரை போனார்கள். அடுத்த ஞாயிறு ஏழரைக்கே வருவதாகச் சொல்லி, சாவியை யாரிடம் வாங்குவது என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.